கரண்ட் வைத்து முடிந்த பிறகு: வாய், தொண்டைப் புற்றுநோயிலிருந்து மீண்டவரை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?



வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்து, ஆபரேஷன் ஆகி, கரண்ட் வைத்து முடித்து வீடு திரும்பியவரை நலம் விசாரிக்கப் போகிறோம். ‘அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது அல்லவா?’ என்று கேட்கிறோம். அவரும் தலையாட்டுகிறார். நாமும் துஆ செய்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அவர் வாய் திறந்து பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டியது ஏன் என்று நாம் யோசிப்பதில்லை.

கரண்ட் முடியும் நாளில் மருத்துவமனையின் வேலையில் பெரும்பகுதி முடிகிறது. வீட்டின் வேலை அன்றுதான் ஆரம்பிக்கிறது. சாப்பிடுவது, பேசுவது, விழுங்குவது, தூங்குவது, நாலு பேரோடு உட்காருவது என்று நாம் நினைத்துப் பார்க்காமலே செய்யும் காரியங்கள் அவருக்கு ஒவ்வொன்றும் ஒரு சோதனையாகிவிடுகின்றன. இவற்றில் சில தானாகவே சரியாகும். சில சரியாக நீண்ட காலம் பிடிக்கும். சில கடைசிவரை நிற்கும். முன்கூட்டியே தெரிந்துகொண்டால் தடுத்துவிடக் கூடியவையும் இருக்கின்றன. எது எந்த வகை என்று குடும்பத்துக்குத் தெரிந்தால் நோயாளியின் பாதிப் பாரம் குறையும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

‘கரண்ட்’ என்பது என்ன?

நாக்கு, கன்னம், ஈறு, தொண்டை, குரல்வளை போன்ற இடங்களில் வருபவற்றை மருத்துவர்கள் ஒன்றாகச் சேர்த்து ‘தலை, கழுத்துப் புற்றுநோய்’ என்கிறார்கள். மூளைக்கட்டி இந்தக் கணக்கில் வராது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்குத் தந்த மதிப்பீட்டின்படி, உதட்டிலும் வாயிலும் வரும் புற்றுநோய் மட்டுமே இந்தியாவில் ஓராண்டில் புதிதாக 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியிருக்கிறது. புகையிலையும் மதுவும் முக்கியக் காரணங்கள். புகையிலை சேராத வெற்றுப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று அதே நிறுவனம் 2004-லேயே அறிவித்துவிட்டது. ‘நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டும்தான்’ என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாம் பேச்சுவழக்கில் கரண்ட் என்று சொன்னாலும் உடம்பில் மின்சாரம் எதுவும் ஏற்றப்படுவதில்லை. அது சக்தி மிகுந்த எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு. தலை அசையாமல் இருக்க முகத்தின் அளவுக்கே செய்த வலைபோன்ற மாஸ்க்கைப் போட்டுப் படுக்கவைப்பார்கள். வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 30 முதல் 35 முறை, அதாவது 6, 7 வாரம் நடக்கும். கொடுக்கும் நேரத்தில் வலி இருக்காது. பலருக்கு இதோடு சிஸ்பிளாட்டின் என்ற மருந்தையும் ஊசி வழியாக ஏற்றுவார்கள்.

இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆரம்பமானது. கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி 1957-ல் அங்கே நிறுவப்பட்டது. அங்கு பணியாற்றிய டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும், வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு பிளியோமைசின் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 1980-ல் வெளியிட்டார்கள். உயிரைக் காப்பாற்றுவதே பெரிய போராட்டமாக இருந்த காலம் அது.

இப்போது கேள்வி அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கிறது. உயிர் பிழைத்தவர் எப்படி வாழ்கிறார்? இதை அளப்பதற்கென்றே ஐரோப்பிய மருத்துவர்கள் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்காக 35 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். வலி, விழுங்குதல், பேச்சு, பல், வாய் திறப்பு, வறட்சி ஆகியவற்றோடு ‘வீட்டார் முன்னால் சாப்பிடச் சங்கடமாக இருக்கிறதா’ என்பதையும் அது கேட்கிறது. நோயாளியின் வாழ்க்கைத் தரம் என்று மருத்துவம் சொல்வது இவற்றைத்தான்.

முதல் மூன்று மாதம்

சிகிச்சை தொடங்கி இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாய் முழுக்கப் புண்ணாகும். கழுத்துத் தோல் கறுத்து உரியும். ருசி போய்விடும். தேன் கசக்கும், பிரியாணி மண்போல இருக்கும். எச்சில் கோந்துபோலக் கெட்டியாகும். குடும்பங்கள் எதிர்பார்க்காத ஒன்று இங்கே இருக்கிறது. கரண்ட் முடிந்ததும் இவை குறையத் தொடங்குவதில்லை. அடுத்த ஒன்றிரண்டு வாரத்துக்கு இன்னும் கூடலாம். ‘முடிந்துவிட்டதே, ஏன் மோசமாகிறது?’ என்று பயப்பட வேண்டாம். புண் ஆறப் பொதுவாக ஒன்றரை மாதம் வரை ஆகும். ருசி சில மாதங்களில் மெல்லத் திரும்பும். சிலருக்கு ஓராண்டு ஆகும்.

நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் பலவும் ஒரே சித்திரத்தைத்தான் தருகின்றன. சிகிச்சை முடியும் சமயத்தில் வாழ்க்கைத் தரம் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. பிறகு ஏறி, ஓராண்டு முடிவில் பெரும்பாலானவை பழைய நிலையை நெருங்குகின்றன. வாய் வறட்சி, கெட்டி எச்சில், பல் தொல்லை ஆகியவை மட்டும் பின்தங்கி நிற்கின்றன. ஆகவே முதல் மூன்று மாதத்தைப் பார்த்து ‘இனி வாழ்க்கையே இவ்வளவுதான்’ என்று நோயாளி முடிவு கட்டினால், அது உண்மை இல்லை என்று வீட்டார் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த நாட்களில் எடை குறையாமல் பார்ப்பதே முதல் வேலை. நம் வீடுகளில் இதற்குத் தோதான உணவு ஏற்கெனவே இருக்கிறது. நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை மிளகாய், இஞ்சி, பட்டை, கிராம்பு இவற்றை விட்டுவிட்டு, அரிசியும் பாசிப்பருப்பும் கொஞ்சம் கொத்துக்கறியும் குழைய வேகவைத்து மிக்ஸியில் அடித்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். கேழ்வரகுக் கூழ், தயிர் கலந்த குழைசாதம், குழைவாகக் கிண்டிய முட்டை, பால், சத்துமாவுக் கஞ்சி எல்லாம் உதவும். மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சூடு ஆறிய பிறகு கொடுங்கள். புளிப்பு, காரம், முறுக்கு போன்ற மொறுமொறு பண்டங்கள் வேண்டாம்.

மூக்கு வழியாக டியூப் போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் மறுக்காதீர்கள். ‘டியூப் போட்டால் கடைசிக் கட்டம்’ என்று நம்மிடையே ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. புண் ஆறும்வரை உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு அது. டியூப் இருந்தாலும் மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு வாயாலும் கொஞ்சம் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பல வாரம் வேலை செய்யாமல் கிடந்தால் விழுங்கும் தசை பலமிழந்துவிடும்.

எச்சில் என்ற நிஃமத்

ஆரோக்கியமான மனிதருக்கு ஒரு நாளில் சுமார் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. பேச, விழுங்க, ருசிக்க, பல்லைக் காக்க எல்லாவற்றுக்கும் அது வேண்டும். காதுக்கு முன்னாலும் தாடைக்கு அடியிலும் இருக்கும் எச்சில் சுரப்பிகள் கதிர்வீச்சைத் தாங்காதவை. கட்டிக்குப் போகும் கதிர் வழியில் இவற்றையும் சுட்டுவிடுகிறது.

இதைக் குறைக்கத்தான் கதிரைக் கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப வளைத்துக் கொடுக்கும் புதிய முறை வந்தது. ஐ.எம்.ஆர்.டி. என்று மருத்துவமனைகளில் சொல்வார்கள். பிரிட்டனில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குப் பிறகும் தொந்தரவு தரும் வாய் வறட்சி இருந்தது. புதிய முறையில் அது 38 சதவீதம்தான். ஆகவே சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: ‘எச்சில் சுரப்பியைக் காப்பாற்றும் முறையில் இவருக்குக் கொடுக்க முடியுமா?’ கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து அது முடியலாம், முடியாமலும் போகலாம். கேட்பதில் தவறில்லை.

வறட்சி நின்றுவிட்டவருக்குச் சில வழிகள் உண்டு. எப்போதும் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். மடமடவென்று குடிக்காமல், மிடறு மிடறாக நனைத்துக்கொண்டே இருக்கட்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கரைத்து அடிக்கடி கொப்பளித்தால் கெட்டி எச்சில் இளகும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். மருந்துக் கடையில் செயற்கை எச்சில் ஸ்ப்ரேயும் ஜெல்லும் கிடைக்கும். உதட்டுக்கு வாசனையில்லாத களிம்பு போதும். அதிகமான டீ, காபி வறட்சியைக் கூட்டும்.

பல்லும் தாடையும்: மறக்கக் கூடாத எச்சரிக்கை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். தாடைப் பகுதியில் கரண்ட் வைத்தவர், எத்தனை ஆண்டு ஆனாலும், கதிர்வீச்சு மருத்துவரைக் கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது.

கதிர்வீச்சு தாடை எலும்பின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறது. அந்த எலும்பில் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்து வெளியில் தெரியும் நிலை வரலாம். பத்து ஆண்டு கழித்தும் இந்த ஆபத்து இருக்கிறது. பல்வலி என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போகும்போது, ‘எனக்குத் தாடையில் ரேடியேஷன் கொடுத்திருக்கிறார்கள்’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். சிகிச்சைச் சீட்டையும் கையில் கொண்டுபோக வேண்டும்.

இதைத் தவிர்க்கும் வழி கரண்ட் தொடங்குவதற்கு முன்பே இருக்கிறது. பல் மருத்துவரிடம் காட்டி, காப்பாற்ற முடியாத பற்களை முன்பே எடுத்துவிட வேண்டும். புண் ஆறச் சுமார் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு எச்சில் இல்லாததால் மிச்சமுள்ள பற்கள் வேகமாகச் சொத்தையாகும். மருத்துவர் தரும் ஃபுளோரைடு ஜெல்லைத் தினமும் போடுவது ஆயுள் முழுக்கத் தொடர வேண்டிய காரியம்.

மிஸ்வாக் பற்றிப் பலர் கேட்பார்கள். வாய் புண்ணாக இருக்கும் காலத்தில் மிஸ்வாக் குச்சியின் நார் ஈறைக் கிழிக்கும். அப்போது குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ் போதும். வாயைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் நோக்கம். புண் ஆறிய பிறகு பல் மருத்துவரைக் கேட்டுத் தொடரலாம்.

வாய் திறப்பு, விழுங்குதல், கழுத்து

மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடிந்தால் வாய் நன்றாகத் திறக்கிறது என்று பொருள். கதிர்வீச்சுக்குப் பிறகு மெல்லும் தசைகள் இறுகி, மூன்று விரல் இரண்டாகவும் ஒன்றாகவும் குறையலாம். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடைவெளி 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அதற்குச் சிகிச்சை வேண்டும். நன்றாக இறுகிய பிறகு திறக்க வைப்பது கடினம். இறுகாமல் பார்ப்பது எளிது. வாயை அகலத் திறந்து சில விநாடி பிடிப்பது, தாடையை இடமும் வலமும் அசைப்பது, மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையில் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டுவது ஆகிய பயிற்சிகளை ஒரு நாளில் பலமுறை செய்ய வேண்டும். ஐந்து வேளைத் தொழுகைக்குப் பிறகும் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால், குடித்த பின் குரல் ஈரமாக ஒலித்தால், அடிக்கடி சளிக் காய்ச்சல் வந்தால், உணவு நுரையீரலுக்குள் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். சிலருக்கு இருமலே வராமலும் இது நடக்கும். பேச்சு, விழுங்குதல் பயிற்சி தரும் நிபுணர்கள் பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைத் தாழ்த்தி, சிறு சிறு வாயாக விழுங்குவது போன்ற முறைகளை ஆளுக்கு ஏற்றபடி அவர்கள் கற்றுத்தருவார்கள்.

கழுத்தும் தோளும் இறுகாமல் இருக்க மெல்லத் திருப்பும் பயிற்சி வேண்டும். தாடைக்குக் கீழே வீக்கம் தொங்கினால் அது பெரும்பாலும் நிணநீர் தேங்குவது. அதற்கென மசாஜ் முறை இருக்கிறது. ஆனால் புதிதாகக் கட்டி தென்பட்டாலோ, புண் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாவிட்டாலோ, ரத்தம் கசிந்தாலோ, காதுவலி விடாமல் இருந்தாலோ அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்கக் கூடாது. முதல் ஆண்டில் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை செக்கப் இருக்கும். ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று அதை விட்டுவிடுவது பெரிய தவறு.

சோம்பல் இல்லை, தைராய்டு

ஓராண்டு, இரண்டாண்டு கழித்து ஒருவர் எப்போதும் களைப்பாக இருக்கிறார். குளிர்கிறது என்கிறார். மலச்சிக்கல், உடல் பருமன், மறதி, ஃபஜ்ருக்கு எழ முடியவில்லை. வீட்டார் சோம்பேறி என்கிறார்கள். சிலர் ஈமான் குறைந்துவிட்டது என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள். கழுத்தில் பட்ட கதிர்வீச்சு தைராய்டு சுரப்பியை மெல்லச் செயலிழக்கச் செய்யும். இது அரிதான விஷயமே அல்ல. 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். குறைந்திருந்தால் காலையில் ஒரு மாத்திரை போதும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடியதை மனிதரின் குணமாக்கிப் பேசுவது அநியாயம்.

சஹனில் அவருக்கும் ஓர் இடம்

நம் சமுதாயத்தில் உணவு என்பது வயிற்றுக்கு மட்டும் உரியதல்ல. விருந்தில் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறோம். வாயிலிருந்து வழிகிறது, மெல்ல நேரமாகிறது, இருமல் வருகிறது என்று அவர் அங்கிருந்து மெல்ல விலகுகிறார். முதலில் கல்யாண விருந்துக்குப் போவதில்லை. பிறகு வீட்டிலேயே எல்லாரும் சாப்பிட்ட பிறகு தனியாகச் சாப்பிடுகிறார். அதன் பிறகு பள்ளிவாசல் திண்ணைக்கும் வருவதில்லை.

அமெரிக்காவில் ரோஜர் ஈபர்ட் என்று புகழ்பெற்ற சினிமா விமர்சகர் இருந்தார். தைராய்டிலும் எச்சில் சுரப்பியிலும் புற்றுநோய் வந்து, கதிர்வீச்சும் அறுவை சிகிச்சைகளும் பெற்றவர். 2006-ல் தாடையில் நடந்த அறுவை சிகிச்சையோடு உண்பது, குடிப்பது, பேசுவது மூன்றையும் இழந்தார். 2013-ல் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். உணவு கிடைக்காதது தமக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை, உணவைச் சுற்றி நடக்கும் பேச்சும் சிரிப்பும்தான் இல்லாமல் போயின என்று அவர் எழுதியிருக்கிறார். நம் வீட்டு அத்தாவும் பெரியம்மாவும் சொல்லத் தெரியாமல் தவிப்பதும் இதுதான்.

ஆகவே அவரைச் சாப்பாட்டு விரிப்பில் உட்காரவையுங்கள். அவருடைய கஞ்சிக் கிண்ணம் அங்கேயே இருக்கட்டும். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை யாராவது ஒருவர் கூட இருக்கட்டும். பேச்சு புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். ‘இன்னொரு தடவை சொல்லுங்கள் அத்தா’ என்று கேளுங்கள். நோட்டும் பேனாவும், இல்லாவிட்டால் செல்போனும் பக்கத்தில் இருக்கட்டும்.

புற்றுநோய் தொற்றுநோய் அல்ல. அவர் குடித்த டம்ளரில் குடிப்பதால் யாருக்கும் வராது. வெளியிலிருந்து கருவி மூலம் கரண்ட் வைத்தவர் உடம்பில் கதிர் தங்குவதில்லை. பேரப்பிள்ளையை அவர் மடியில் தாராளமாக உட்காரவைக்கலாம்.

‘நீ புகையிலை போட்டதால் வந்தது’ என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்க வேண்டாம். அது அவருக்கே தெரியும். ஆனால் சிகிச்சைக்குப் பிறகு பாக்கும் புகையிலையும் திரும்ப வாய்க்குப் போகக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். அவருக்காக வீட்டிலுள்ள மற்றவர்களும் விடுவதே சிறந்த உதவி. ஷரத் பவார் 2004-ல் வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 36 முறை கதிர்வீச்சும் பெற்றார். அதன் பிறகு பத்தாண்டு மத்திய வேளாண் அமைச்சராக இருந்தார். பேச்சில் அதன் தடம் இருந்தும் மேடையை விடவில்லை. புகையிலைக்கு எதிராகவும் பேசிவருகிறார். வேலைக்குத் திரும்புவது முடியாத காரியம் அல்ல.

தூக்கமின்மை, யாரோடும் பேசாமை, ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு ஆகியவை தென்பட்டால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மன அழுத்தமும் இந்த நோயின் ஒரு பகுதிதான், அதற்கும் மருந்து உண்டு. 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் தமிழிலும் பேசலாம். அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியையோ மகளையோ மறந்துவிடாதீர்கள். ஆறு வேளை அரைத்து, மசித்து, இரவெல்லாம் விழித்திருப்பவருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும்.

உளூ, தொழுகை, நோன்பு

நோயாளிகள் ஆலிம்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்த மூன்றைப் பற்றியவை.

கழுத்திலும் முகத்திலும் தோல் உரிந்திருக்கும்போது, தண்ணீர் படலாமா என்று சிகிச்சை தரும் மருத்துவரைக் கேளுங்கள். பொதுவாக மிருதுவாகக் கழுவ அனுமதிப்பார்கள். சோப்பு, அத்தர், தேய்த்தல் கூடாது. தண்ணீர் கூடாது என்றால் அந்த இடத்தில் ஈரக்கையால் மஸஹு செய்வது, தயம்மும் செய்வது என்று மார்க்கத்தில் வழி இருக்கிறது. விவரம் மத்ஹபுக்கு ஏற்ப மாறும். தலையில் காயம்பட்ட ஒரு ஸஹாபியைக் குளித்தே ஆக வேண்டும் என்று தோழர்கள் சொல்ல, அவர் குளித்து இறந்துபோனார். நபி (ஸல்) அவர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்து, தெரியாதவர்கள் கேட்டறிந்திருக்கக் கூடாதா என்றார்கள். அபூதாவூதில் வரும் இந்தச் சம்பவம் நமக்குப் பெரிய பாடம். குரல்வளை அகற்றப்பட்டுக் கழுத்தில் துளை உள்ளவர், குளிக்கும்போது அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகாமல் மூடிக்கொள்ள வேண்டும்.

வாய் வறண்டு கிராஅத் திக்குகிறது என்று வருந்துபவர்கள் உண்டு. சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்பது புகாரி, முஸ்லிமில் உள்ள நபிமொழியின் கருத்து. நாவை அசைக்க முடிந்தவரை ஓதினால் போதும். அறவே முடியாதவர் மீது அந்தக் கடமை இல்லை. தொழுகைக்கு முன் ஒரு மிடறு தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். கழுத்து வளையாவிட்டால் உட்கார்ந்து சைகையால் தொழலாம். கெட்டிச் சளி, வாய் நாற்றம் காரணமாக ஜமாஅத்துக்கு வர முடியாதவரைக் குறை சொல்ல வேண்டாம். ஆரோக்கியமாக இருந்தபோது செய்துவந்த அமல்களின் நன்மை நோயுற்ற காலத்திலும் எழுதப்படுகிறது என்பது ஸஹீஹான ஹதீஸ்.

நோன்பைப் பொறுத்தவரை, நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை கொடுத்திருக்கிறான் (அல்குர்ஆன் 2:184, 185). சிகிச்சைக் காலத்திலும் புண் ஆறும் காலத்திலும் நோன்பை விட்டுவிட்டு, உடம்பு தேறிய பிறகு களா செய்ய வேண்டும். நாள் முழுக்க வாயை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இது இனி சரியாகாது என்று நம்பகமான மருத்துவர் சொன்னால், ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு என ஃபித்யா கொடுக்க வேண்டும். அதன் அளவும், பிற்காலத்தில் குணமானால் என்ன செய்வது என்பதும் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளில் வேறுபடும். உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். நோன்பு வைக்க முடிந்தவர் வாய் கொப்பளித்துத் துப்பலாம். செயற்கை எச்சில் தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு முறிந்துவிடும். வைராக்கியத்தால் நோன்பு வைத்து எடை இழப்பது தக்வா ஆகாது. சலுகையும் அல்லாஹ் கொடுத்ததுதான்.

செலவும் பயணமும்

மங்கலம்பேட்டை, விருத்தாசலம் பகுதி மக்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர், சென்னை அடையாறு, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை போய்வரக் கூடிய இடங்கள். ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் இதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி, விருத்தாசலம் ஜங்ஷனில் காட்டி டிக்கெட் எடுக்கலாம். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் வலி தணிப்புக் கவனிப்பும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

ஆபரேஷனுக்கு நம் மக்கள் தாராளமாக உதவுகிறார்கள். அதற்குப் பிறகு மாதம்தோறும் தேவைப்படும் ஃபுளோரைடு ஜெல், தைராய்டு மாத்திரை, சத்துமாவு, செக்கப்புக்கான பயணச் செலவு ஆகியவற்றை யாரும் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. ஏழை நோயாளிக்கு இவற்றை ஸகாத்திலிருந்தும் கொடுக்கலாம். ஜமாஅத்தின் பைத்துல் மாலில், சிகிச்சை முடிந்தவருக்கென்று இரண்டு ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கினால் பல தாடைகளையும் பற்களையும் காப்பாற்றலாம், இன்ஷா அல்லாஹ்.

அடுத்த முறை நலம் விசாரிக்கப் போகும்போது ‘எல்லாம் முடிந்துவிட்டதா?’ என்று கேட்காமல், ‘இப்போது என்ன சாப்பிட முடிகிறது? வாய் எத்தனை விரல் திறக்கிறது? தைராய்டு டெஸ்ட் எடுத்தாயிற்றா? அடுத்த செக்கப்புக்கு யார் கூடப் போகிறார்கள்?’ என்று கேளுங்கள். முடிந்தால் கூடப் போங்கள்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் கரங்களுக்கு வலிமையைத் தருவானாக. ஆமீன்.